அப்பாவுக்குக் கோபமா, லோ சுகரா? சிஸ்டரிடம் கேளுங்கள்

சர்க்கரை நோய் வார்டில் பல வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வயதானவர்களுக்குச் சுகர் இறங்குவதைப் பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டர் வேலை, அதில் நான் கை வைப்பதில்லை.

சிஸ்டர், அப்பாவுக்கு வயது 76. நேற்று மெஷினில் 58 காட்டியது. ஆனால் வியர்வை, நடுக்கம் எதுவும் இல்லை. "எனக்கு ஒண்ணுமில்ல, டிவியைப் போடு" என்று சண்டைக்கு வந்தார். மெஷின் கோளாறா?

மெஷினைவிட அந்தச் சண்டையைத்தான் நான் கவனிப்பேன். 70-க்குக் கீழே போனாலே லோ சுகர், 54-க்குக் கீழே என்றால் ஆபத்து. சுகர் இறங்கினால் உடம்பு அட்ரினலினை விட்டு மணி அடிக்கும். வியர்வை, படபடப்பு, கை நடுக்கம் எல்லாம் அந்த மணிதான். வயது ஏற ஏற, சர்க்கரை நோய் பழசாக ஆக, மணிச் சத்தம் குறைந்துகொண்டே வரும். அடிக்கடி லோ ஆகிறவர்களுக்குச் சிலசமயம் அடிக்கவே அடிக்காது. அப்போது முதலில் தெரிவது மூளையின் பசி: காரணமில்லாத கோபம், பேச்சுக் குழறல், தள்ளாட்டம், தூங்கி வழிவது, சொன்னதையே சொல்வது.

என் மாமியார் ஒருநாள் சாயங்காலம் பால் பாக்கெட்டை வெட்டி, பாலை சிங்க்கில் ஊற்றிவிட்டுக் காலி கவரைப் பாத்திரத்தில் போட்டு அடுப்பைப் பற்ற வைத்தார். வயசாயிடுச்சு என்று நாங்கள் சிரித்தோம். ஏதோ தோன்றி விரலைக் குத்திப் பார்த்தால் 47. நர்ஸ் வீட்டிலேயே இந்த லட்சணம்.

அம்மாவுக்கு லோ ஆனபோது சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம். அரை மணி ஆகியும் சரியாக ஏறவில்லை. ஏன்?

அம்மாவின் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் என்று இருக்கிறதா? நம் ஊரில் கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் மூன்றும் ஒரே மாத்திரையில் வருவது சகஜம். வோக்லிபோஸ், நாம் சாப்பிடும் சர்க்கரை குடலில் உடைவதைத் தாமதப்படுத்தும். அப்படிப்பட்டவர்களுக்குக் குளுக்கோஸ் பவுடர்தான் வேலை செய்யும். மூன்று டீஸ்பூன், சுமார் 15 கிராம், அரை டம்ளர் தண்ணீரில். 15 நிமிடம் கழித்துத் திரும்பக் குத்திப் பாருங்கள். 70 தாண்டவில்லையா, இன்னொரு தடவை. ஏறிய பிறகு, அடுத்த சாப்பாட்டுக்கு நேரமிருந்தால் இரண்டு இட்லி.

அந்த மாத்திரை இல்லாதவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை போதும். சாக்லேட்டும் மைசூர்பாகும் வேண்டாம், கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும்.

மாமா பிரஷருக்கு மெட்டோபிரோலால் எடுக்கிறார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. படபடப்பையும் நடுக்கத்தையும் அது மறைத்துவிடும். வியர்வையை மறைக்காது. ஃபேன் காற்றில் உட்கார்ந்திருக்கும்போதே சட்டை நனைந்தால் உடனே பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

திடீரென்று பேச்சுக் குழறி ஒரு கை விழுந்துவிட்டால் பக்கவாதமா, லோ சுகரா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பார்த்துச் சொல்ல முடியாது, சுகர் இறங்கினாலும் அப்படியே வரும். 108-ஐக் கூப்பிடுங்கள், வண்டி வருவதற்குள் விரலைக் குத்திப் பாருங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

தாத்தாவுக்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு, சரியாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் கிளிமிபிரைடு போட்டுக்கொண்டார். லோ ஆகி, குளுக்கோஸ் கொடுத்ததும் தெளிந்துவிட்டார். ஆஸ்பத்திரி தேவையா?

தேவை, இன்றைக்கே. குளுக்கோஸ் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும், சுகரை இறக்கும் அந்த மாத்திரை உள்ளேயே இருக்கும். கிட்னி மந்தமானவர்களுக்கு வெளியேற இன்னும் நேரமாகும். தெளிந்தார் என்று நினைத்துத் தூங்கவிட்டால் ராத்திரி திரும்ப இறங்கும். ஒரு நாளோ அதற்கு மேலோ வைத்துப் பார்ப்பார்கள். கிளிபென்கிளமைடு என்ற பழைய மாத்திரை இன்னும் மோசம். வயதானவர்களுக்கு அதைத் தவிர்க்கத்தான் சொல்கிறார்கள்.

பாட்டிக்கு 82, இன்சுலின் போடுகிறார். மூன்று மாதச் சராசரி (HbA1c டெஸ்ட்) 6.2. சூப்பர்தானே?

எனக்குக் கவலையாக இருக்கிறது. திடமாக இருக்கும் முதியவர்களுக்கே 7 முதல் 7.5-க்குள் இருந்தால் போதும் என்பார்கள். பல நோய், ஞாபக மறதி உள்ளவர்களுக்கு 8 வரை விடுவார்கள். இன்சுலினோடு 6.2 என்றால் இடையில் எத்தனை தடவை இறங்கியதோ! டாக்டரிடம் இதையே கேளுங்கள்.

அப்படியே சிரிஞ்சையும் பாருங்கள். சிவப்பு மூடி ஒரு மில்லியில் 40 யூனிட் இருக்கும் மருந்துக்கு, ஆரஞ்சு மூடி ஒரு மில்லியில் 100 யூனிட் இருக்கும் மருந்துக்கு. 100 மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட்.

சிஸ்டர், முதல் கேள்வி கேட்டவன்தான். அப்பா விரலை நீட்டவே மாட்டேன் என்கிறாரே?

லோ ஆன மூளையோடு வாதாடாதீர்கள். விழுங்க முடிகிறதென்றால் முதலில் எலுமிச்சை ஜூஸில் குளுக்கோஸைக் கலந்து "வெயிலுக்குக் குடிங்கப்பா" என்று கொடுங்கள். சந்தேகத்தில் கொடுத்துக் கொஞ்சம் ஏறினாலும் பரவாயில்லை. என் மாமியார் குடித்துவிட்டுக் கால் மணி நேரத்தில், "ஏண்டி, பாலை ஏன் கொட்டுனீங்க?" என்று கேட்டுக்கொண்டே தானாக விரலை நீட்டினார். விரல் நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறைவு.