ஸ்டேட்டினை நிறுத்தியும் அம்மாவின் தசை பலவீனம் ஏன் தீரவில்லை?

டர்பனில் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அம்மாவுக்கு 58 வயது. சுகரும் பிரஷரும் உண்டு. கொழுப்புக்கு நாலு வருஷமாக சிம்வாஸ்டேட்டின் சாப்பிட்டார். ஆறு மாதமாகக் கை ஊன்றாமல் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை, டாக்ஸிப் படியில் கால் தூக்கி வைக்க முடியவில்லை, மேல்தட்டுச் சட்டியை இறக்க முடியவில்லை. ரத்தத்தில் சிகே (தசை உடைந்தால் ஏறும் நொதி) 6,200 இருந்தது. மாத்திரையை நிறுத்திப் பத்து வாரம் ஆகியும் 5,800. ஈரல் எண்களும் கூடியிருக்கின்றன. மருந்தின் வேகம் இறங்கும்வரை காத்திருக்கலாமா?"

காத்திருக்க வேண்டாம். சிம்வாஸ்டேட்டின் சில நாட்களிலேயே உடம்பை விட்டுப் போய்விடும். மாத்திரையால் வந்த சாதாரணத் தசைக்கோளாறு என்றால் நிறுத்திய சில வாரங்களில் வலி அடங்கும், சிகேயும் இறங்கும். பெண்களுக்கு ஏறக்குறைய 200க்குள் இருக்க வேண்டிய எண் பத்து வாரம் கழித்தும் ஆயிரக்கணக்கில் நிற்கிறது, வலியை விட பலவீனமே மேலோங்கி நிற்கிறது என்றால், மருந்து போன பிறகும் வேறொன்று தசையை உடைத்துக்கொண்டிருக்கிறது. அது பெரும்பாலும் அம்மாவின் நோயெதிர்ப்பு மண்டலமேதான்.

ஸ்டேட்டின் தடுப்பது, உடம்பு கொழுப்பைத் தயாரிக்கப் பயன்படுத்தும் எச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸ் என்ற நொதியை. தடுக்கப்பட்ட செல் அதே நொதியை இன்னும் கூடுதலாகத் தயாரிக்கும். மரபுவழியில் அதற்கு ஏதுவான சிலருடைய உடம்பு அந்த நொதியையே அந்நியப் பொருளாக எண்ணி, அதற்கு எதிராக ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தை உண்டாக்கிவிடுகிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2010, 2011இல் இதை அடையாளம் கண்டார்கள். உடைந்த தசையிழை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது இந்த நொதியை மிக அதிகமாகத் தயாரிக்கிறது. அதனால் மாத்திரை இல்லாமலேயே தாக்குதலுக்கு இலக்கு கிடைத்துக்கொண்டே இருக்கிறது. பத்து வாரமாகியும் எண் அசையாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

தசை அழற்சி எல்லாம் ஒரே நோய் அல்ல. டெர்மட்டோமயோசைட்டிஸில் தசையின் நுண் ரத்தக்குழாய்களும் தோலும் பாதிக்கப்படும். நம் நிறத்தில் அந்தத் தடிப்பு சிவப்பாகத் தெரியாது. மேல் இமை, விரல் முட்டிகள், கழுத்தின் முன்பக்கம் ஆகியவற்றில் கருநீலமாக அல்லது கருமையாகப் படியும், பலர் வெயில்பட்ட கறுப்பு என்று விட்டுவிடுவார்கள். அம்மாவை நல்ல வெளிச்சத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். அப்படி இருந்தால் உடனே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரியவர்களிடம் அந்த வகையோடு புற்றுநோய் சேர்ந்துவர வாய்ப்புண்டு. விரல் ஓரங்களில் வெடிப்பும் வறட்டு இருமலும் மூச்சுத்திணறலும் இருந்தால் நுரையீரலையும் தாக்கும் ஜோ-1 வகையை நினைக்க வேண்டும்.

ஈரல் எண்களைப் பற்றி: ஏஎல்டி, ஏஎஸ்டி இரண்டும் தசையிலும் உண்டு. தசை உடைந்தாலே அவை ஏறும். ஜிஜிடி என்ற எண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள். அது சரியாக இருந்தால் ஈரலின் மேல் சந்தேகம் வெகுவாகக் குறையும். இது தெரியாமல் ஈரல் ஸ்கேனிலேயே மாதங்கள் கழிந்துவிடுவதுண்டு. தசை நோயில் ட்ரோபோனின் டி-யும் ஏறி மாரடைப்போ என்று பயமுறுத்தும். இதயத்தைப் பிரித்தறிய ட்ரோபோனின் ஐ மேல்.

கிளினிக்கில் முதலில் டிஎஸ்எச் (தைராய்டு குறைந்தாலும் சிகே ஏறும்), எச்ஐவி, சிறுநீரகச் சோதனை முடியட்டும். பிறகு எச்எம்ஜிசிஆர் ஆன்டிபாடியை (மேலே சொன்ன நொதிக்கு எதிரானது) பெயர் சொல்லிக் கேளுங்கள். இந்த இடத்தில்தான் அதிகம் தவறுகிறது: 'மயோசைட்டிஸ் பேனல்' என்று அனுப்பும் பல சோதனைகளில் எஸ்ஆர்பி என்ற வேறொரு ஆன்டிபாடி இருக்கும், எச்எம்ஜிசிஆர் இருக்காது. பேனல் 'நெகட்டிவ்' என்று வந்தாலும் இந்த நோய் இல்லை என்று ஆகாது. நோயெதிர்ப்புக் கோளாறுகளுக்குப் பொதுவாகப் பார்க்கும் ஏஎன்ஏ சோதனையும் இதில் பெரும்பாலும் உதவாது. தசைத்துண்டு எடுப்பதானால், ஊசி குத்தி இஎம்ஜி (தசையின் மின்னோட்டச் சோதனை) பார்த்த பக்கத்தை விட்டு மறுபக்கம் எடுக்க வேண்டும். குத்திய காயமே அழற்சி போலத் தோன்றும்.

இந்த நோய்க்கான சிறப்பு மருத்துவர்களைப் பார்க்க டர்பனின் இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மத்திய மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் போக முடியாது. உங்கள் சாட்ஸ்வொர்த்தின் ஆர். கே. கான் மருத்துவமனையில் கடிதம் எழுதும்போது "ஸ்டேட்டின் நிறுத்திப் பத்து வாரம், சிகே 5,800, தோள் இடுப்புத் தசை பலவீனம்" என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். 'உடம்பு வலி' என்று மட்டும் எழுதினால் வரிசையில் பின்னால் போய்விடும். விழுங்கும்போது புரையேறினாலோ, குரல் மாறினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, சிறுநீர் கறுப்பாகப் போனாலோ கடிதத்துக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சிகிச்சை வழக்கமாக பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு, தினமும் எடைக்குக் கிலோவுக்கு 1 மி.கி. வரை, கூடவே நோயெதிர்ப்பை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்து. தென்னாப்பிரிக்காவில் காசநோய் அதிகம் என்பதால் தொடங்குமுன் மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ச் சோதனையும் கட்டாயம். ஸ்டீராய்டு காலையில் எடுத்தால் சுகர் மதியத்துக்கு மேல் ஏறும், அதனால் வெறும் வயிற்று எண்ணை மட்டும் நம்பாமல் மாலையிலும் பாருங்கள். சுகர் உள்ளவருக்கு இன்னொரு வழியும் உண்டு: நரம்பு வழி இம்யூனோகுளோபுலின் (தானமளித்த ரத்தத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடிகள்), மாதம் கிலோவுக்கு 2 கிராம். ஸ்டீராய்டு வேண்டாமென்ற சுகர் நோயாளிகள் மூவருக்கு அது மட்டுமே கொடுத்துப் பலன் கண்டதாக 2015இல் வெளியானது. மிகச் சிலர்தான், விலையும் அதிகம், ஆனாலும் அம்மாவின் நிலையில் மருத்துவரிடம் இதைக் கேட்பது நியாயம். அந்த மருந்து டர்பனை அடுத்த பைன்டவுனிலேயே தயாராகிறது.

சிகே முதலில் இறங்கும், பலம் பல வாரங்கள், மாதங்கள் கழித்தே திரும்பும். வாரம் ஒருமுறை 30 வினாடியில் எத்தனை தடவை நாற்காலியிலிருந்து எழுகிறார் என்று எண்ணி எழுதிவையுங்கள். சிகே சரியாகியும் எழும் எண்ணிக்கை குறைந்தால் ஸ்டீராய்டே தசையைக் கரைக்கிறதோ என்று கேட்க வேண்டும். இப்போதைக்கு ஸ்டேட்டின் வகை மாத்திரை எந்தப் பெயரிலும் வேண்டாம். ஹெல்த் ஷாப்பில் கிடைக்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசிக் குளிகையும் உண்மையில் ஸ்டேட்டின்தான், அதுவும் கூடாது. முழு ஓய்வு தேவையில்லை. சிகிச்சை தொடங்கியபின் பிசியோ சொல்லும் மெதுவான பயிற்சி நல்லது. அழற்சி நீடித்தால் தசையிடத்தில் கொழுப்பு படியும், அதை மருந்தால் மாற்ற முடியாது. அவசரப்படுத்துவது அதனால்தான்.

நீங்களோ அப்பாவோ ஸ்டேட்டின் எடுப்பவரானால் இதைப் படித்து நிறுத்திவிடாதீர்கள். எடுப்பவர்களில் லட்சத்துக்கு இரண்டு மூன்று பேருக்கே இது வரும். மாரடைப்பும் கொழுப்பும் பரம்பரையாக ஓடும் நம் குடும்பங்களில் அந்த மாத்திரை தடுக்கும் சாவுகள் அதைவிட எத்தனையோ மடங்கு. ஆனால் சிம்வாஸ்டேட்டினுடன் அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையும் சேர்த்து எடுப்பவர்கள் சிம்வாஸ்டேட்டின் நாளுக்கு 20 மி.கி.யைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.