ராஜேந்திர பிரசாத் தேர்வானது 1950-லா, 1952-லா?

கேள்வி: குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன். ராஜேந்திர பிரசாத் குடியரசுத் தலைவராகத் தேர்வான ஆண்டு ஒரு புத்தகத்தில் 1950, இன்னொன்றில் 1952. எதை எழுதுவது? சில ஆயிரம் பேர் போட்ட ஓட்டு 5 லட்சத்தைத் தாண்டியது எப்படி?

பதில்: இரண்டு ஆண்டுகளும் சரிதான். தேர்ந்தெடுத்தது யார் என்று பாருங்கள். 1950 ஜனவரி 24-ல் அவரைத் தேர்ந்தெடுத்தது அரசியலமைப்பு நிர்ணய சபை. ஒரே மனுதான் வந்தது, வாக்குப்பதிவு இல்லை. 26-ம் தேதி பதவியேற்றார். பொதுத்தேர்தல் நடக்கும்வரை அப்படித் தேர்ந்தெடுக்க வழிசெய்த, அரசியலமைப்பின் 380-வது பிரிவு 1956-ல் நீக்கப்பட்டது. இன்றைய பதிப்பில் அது இல்லாததால்தான் இவ்வளவு குழப்பம்.

எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போட்ட முதல் தேர்தல் 1952-ல். பிரசாத்துக்கு 5,07,400, எதிர்த்துப் போட்டியிட்ட கே.டி. ஷாவுக்கு 92,827. இவை தலைகளின் எண்ணிக்கை அல்ல, ஓட்டுகளின் மதிப்பு. மாநில மக்கள்தொகையை எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கையால் வகுத்து, வந்ததை 1000-ஆல் வகுத்தால் ஒரு எம்.எல்.ஏ. ஓட்டின் மதிப்பு. மீதி 500-க்குக் குறையாவிட்டால் ஒன்று கூட்டுங்கள். பலர் தவறுவது இங்கேதான். எல்லா எம்.எல்.ஏ. ஓட்டுகளின் மொத்த மதிப்பைத் தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி.க்களின் எண்ணிக்கையால் வகுத்தால் எம்.பி. ஓட்டின் மதிப்பு. 1952-ல் அது 494.

1957-ல் மீண்டும் வென்று 1962 மே 13 வரை பதவியில் இருந்தார். 'போட்டியின்றித் தேர்வான முதல் குடியரசுத் தலைவர்' என்று கேட்டால் வழக்கமாக எதிர்பார்க்கும் விடை நீலம் சஞ்சீவ ரெட்டி, 1977. 1950 நிகழ்வை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. நிர்ணய சபையிலும் இதே மாதிரி ஒரு பொறி உண்டு: 1946 டிசம்பர் 9-ல் தற்காலிகத் தலைவர் சச்சிதானந்த சின்ஹா, 11-ல் நிரந்தரத் தலைவர் பிரசாத்.

பிரசாத்தின் வக்கீல் வாழ்க்கைக்கு மூன்று ஆண்டுகளை நினைவில் வைத்தால் போதும்: 1916-ல் பாட்னா உயர் நீதிமன்றம், 1917-ல் காந்தியுடன் சம்பாரணில் அவுரி விவசாயிகளின் வாக்குமூலங்களைப் பதிவு செய்தது, 1920-ல் தொழிலை விட்டது.

விரிவான விடை எழுதுவதாக இருந்தால் 1951-ஐ விடாதீர்கள். இந்துக்களின் திருமணம், சொத்துரிமை பற்றிய சட்டங்களைத் திருத்தும் இந்து சட்டத் தொகுப்பு மசோதாவில் தன் சொந்த முடிவுப்படி நடக்கலாமா என்று பிரசாத் நேருவிடம் கேட்டார். அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும் என்று அட்டர்னி ஜெனரல் செதல்வாடும் சென்னையின் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் கருத்துச் சொன்னார்கள். அன்று 74-வது பிரிவில் அப்படிக் கட்டாயப்படுத்தும் வாசகம் இல்லை; ஒரு வக்கீலின் கண்ணுக்கு அந்த இடைவெளி தப்பவில்லை. அதை அடைத்தது 1976-ன் 42-வது திருத்தம்.