கேளுங்கள் டீச்சர்: மூன்றாம் பருவத்தில் என்னதான் படிக்கிறார்கள்?

(6, 7-ஆம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் அனுப்பிய கேள்விகளுக்கு, மதுரை மாவட்டத்தில் நடுநிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.)

என் மகள் 6-ஆம் வகுப்பு. பொங்கல் லீவு முடிந்து போனால் விளையாட்டு விழா, ஆண்டு விழா, அப்புறம் ரிவிஷன். மூன்றாம் பருவத்தில் புதிதாக ஏதாவது நடத்துகிறார்களா, இல்லை ஒப்புக்குத்தானா?
– வாசகி, தேனி

ஒப்புக்கு இல்லை அம்மா. மூன்று பருவங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். புத்தகத்தில் இருப்பதெல்லாம் அந்த மாதங்களில் வாசலிலேயே நடந்துகொண்டிருக்கும்.

தமிழில் வேலுநாச்சியார் வருகிறார், தமிழ்நாட்டுக்கு வந்த காந்தி வருகிறார், அமுதசுரபியோடு மணிமேகலை வருகிறாள். கணக்கில் பின்னம், முழுக்கள், சுற்றளவு, பரப்பளவு, சமச்சீர்த்தன்மை. சமூக அறிவியலில் சங்க காலத்தில் தொடங்கிக் குப்தர், பல்லவர் வரை போகிறார்கள். ஆசியா, ஐரோப்பா உண்டு, மக்களாட்சியும் உள்ளாட்சியும் உண்டு. அறிவியலில் காந்தம், நீர், அன்றாட வாழ்வில் வேதியியல், சுற்றுச்சூழல், தாவரங்கள். கடைசியாகக் கணினியின் வன்பொருள், மென்பொருள்.

இதில் நீர்ப் பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். மாசி, பங்குனியில் கிணற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது இந்தப் பாடம் வருகிறது. உலகத் தண்ணீரில் 97 சதவீதம் உப்புநீர், 3 சதவீதம்தான் நன்னீர் என்று பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். சொல்லிவிட்டு குழாயைத் திறந்துவிட்டுப் போவார்கள். அதனால் நான் வகுப்பில் 20 லிட்டர் கேன் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிடுவேன். உலகத்துத் தண்ணீர் முழுவதும் இதுதான் என்று வைத்துக்கொண்டால், நன்னீர் எவ்வளவு? 20,000 மில்லியில் 3 சதவீதம், 600 மில்லி. அதை அளந்து ஒரு சொம்பில் ஊற்றச் சொல்வேன். அதிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பனியாக உறைந்து கிடக்கிறது, அதை எடுத்து வைத்துவிடு. மிச்சத்தில் நிலத்தடி நீர் 180 மில்லி, ஒரு டம்ளருக்குச் சற்று அதிகம். ஆறு, ஏரி, குளம் எல்லாம் சேர்த்து? 2 மில்லிகூட இல்லை, அரை ஸ்பூனுக்கும் குறைவு. பேனாவுக்கு மை ஊற்றுகிற ஃபில்லரில் அதை எடுத்துக் காட்டினால் வகுப்பில் யாரும் பேச மாட்டார்கள். வீட்டில் செய்து பாருங்கள். அளக்கிற வேலையை மகளிடமே விட்டுவிடுங்கள், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். பின்னக் கணக்கும் அதிலேயே வந்துவிடும்.

இன்னொன்றும் செய்யலாம். உங்கள் ஊர் ஊராட்சி என்றால், இந்தப் பருவத்துக்குள் இரண்டு கிராம சபைக் கூட்டங்கள் வருகின்றன. ஜனவரி 26 ஒன்று, உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 இன்னொன்று. 2022-இலிருந்து ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும் என்று ஆக்கியபோது சேர்ந்தவற்றில் இந்த மார்ச் 22-உம் ஒன்று. உள்ளாட்சிப் பாடத்தைப் படிக்கிற பிள்ளை ஒரு தடவை அந்தக் கூட்டத்தில் போய் உட்காரட்டும். மேல்நிலைத் தொட்டியை எப்போது கழுவினீர்கள் என்று ஒரு பாட்டி எழுந்து கேட்பதைக் காதால் கேட்டுவிட்டால், அந்தப் பாடத்தை மறுபடி நடத்த வேண்டியதில்லை.

என் மகன் –7 என்பது –3-ஐ விடப் பெரியது என்கிறான். 7 பெரிய எண்தானே என்று வாதம் செய்கிறான். எப்படிப் புரியவைப்பது?
– வாசகர், பொள்ளாச்சி

அவன் வாதம் செய்வது நல்லது. முழுக்கள் பாடத்தில் எல்லாப் பிள்ளைகளும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். எண்கோட்டை வரைந்து “இடதுபுறம் போகப்போகச் சிறியது” என்று சொன்னால் தலையாட்டுவான், பரீட்சையில் மறுபடி தப்பாக எழுதுவான்.

உங்கள் பக்கம் தோட்டத்துக் கிணறு இருக்குமே, அங்கே கூட்டிப்போங்கள். தரை மட்டம்தான் பூஜ்ஜியம். மோட்டார் ரூமின் கூரை +3 மீட்டர். தண்ணீர் 3 மீட்டர் கீழே இருந்தால் –3, 7 மீட்டர் கீழே இருந்தால் –7. எந்தக் கிணற்றில் நீர்மட்டம் உயரத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். –3 என்று அவனே சொல்லிவிடுவான். அதன்பிறகு மீட்டருக்கு ஒரு முடிச்சாகக் கயிற்றில் போட்டு, நுனியில் கல்லைக் கட்டி, ஞாயிறுதோறும் அளந்து நோட்டில் எழுதட்டும். பெரியவர் ஒருவர் கூட நிற்க வேண்டும், கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு என்றால் வேண்டவே வேண்டாம். ஏப்ரலுக்குள் அந்த நோட்டில் கணக்குப் பாடமும் இருக்கும், நீர்ப் பாடமும் இருக்கும்.

1/2 + 1/3 = 2/5 என்று எழுதி வந்திருக்கிறாள். திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது.
– வாசகி, நாகர்கோவில்

திருத்த வேண்டாம், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 2/5 பாதியை விடப் பெரியதா, சிறியதா? சிறியது. பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதியை விடக் குறையுமா? அவ்வளவுதான். வந்த விடை நியாயமாக இருக்கிறதா என்று தானே பார்க்கப் பழகிவிட்டால், பகுதி எண்களைச் சமமாக்கி 3/6 + 2/6 = 5/6 என்று போடுவது பெரிய வேலை இல்லை.

செயல்பாட்டுக்கு மார்க் உண்டு என்பதால் ஸ்டேஷனரி கடையில் சார்ட்டும் மாடலும் வாங்கிக் கொடுக்கிறோம். சரிதானே?
– வாசகர், விருதுநகர்

சரியில்லை. கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 100 மதிப்பெண்ணில், பருவம் முழுக்க வகுப்பிலேயே போடுகிற வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவக் கடைசியில் எழுதுகிற தொகுத்தறித் தேர்வுக்கு 60. அந்த 40-இல் 20 செயல்பாடுகளுக்கு என்று வைத்ததே, பிள்ளை தன் கையால் எதையாவது செய்ய வேண்டும் என்பதற்காகத்தான். கடையில் வாங்கிய தெர்மாகோல் வீட்டில் அதன் கை எங்கே இருக்கிறது? கோணல்மாணலாக ஒட்டி வந்தாலும் அந்த மாடலைப் பார்த்தால் ஆசிரியருக்குத் தெரியும்: எங்கே யோசித்திருக்கிறான், எங்கே விட்டுவிட்டான் என்று. தாவரப் பாடத்துக்கு பங்குனியில் பூக்கிற வேப்பம்பூவையும் கீழே விழுந்து கிடக்கிற மாம்பிஞ்சையும் ஒட்டிக் கொண்டுவரும் பிள்ளைக்கு நான் முழு மதிப்பெண் போடுவேன்.

அன்றாட வாழ்வில் வேதியியல் பாடத்தில் சோப்பு தயாரிப்பு இருக்கிறது. யூடியூப் பார்த்து வீட்டில் செய்யலாம் என்கிறாள் மகள். விடலாமா?
– வாசகி, கரூர்

தனியாக விடாதீர்கள். அதில் வருகிற காஸ்டிக் சோடா தோலை அரித்துவிடும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. ஆசிரியர் பள்ளியில் செய்துகாட்டட்டும். வீட்டில் பெரியவர்கள் செய்வதாக இருந்தாலும் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ள வேண்டும். சோடாவைத் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரம் உதவாது, சோடா அதைத் தின்றுவிடும்.

மகளுக்கு வேறு வேலை கொடுங்கள். அதே பாடத்தில் ஒட்டும்பொருள் இருக்கிறது. மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் பசை. பழைய நோட்டுக்கு அட்டை போட்டுப் பார்க்கட்டும். சூடு பட்டதும் மாவு ஏன் கெட்டியாகிறது என்று கேட்பாள், ஸ்டார்ச் பற்றி அப்போது பேசலாம்.

மகன் 7-ஆம் வகுப்பு. சதவீதம், வரி, பலபடி வேதியியல் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருக்கிறது. நாங்கள் சின்னதாகத் தையல் யூனிட் வைத்திருக்கிறோம்.
– வாசகர், திருப்பூர்

உங்கள் யூனிட்டிலேயே எல்லாம் இருக்கிறது சார். நீங்கள் போடுகிற ஒரு பில்லை அவன் கையில் கொடுங்கள். 400 ரூபாய் சரக்கு, வரி 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பில்லில் சி.ஜி.எஸ்.டி. 2.5, எஸ்.ஜி.எஸ்.டி. 2.5 என்று இரண்டு வரி இருக்கும். ஒன்று மத்திய அரசுக்கு, ஒன்று மாநிலத்துக்கு. ஒவ்வொன்றும் 10 ரூபாய், ஆக மொத்தம் 420. இதில் தசம எண் வந்துவிட்டது, சதவீதம் வந்துவிட்டது. 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் ஜி.எஸ்.டி. மறைமுக வரி, நீங்கள் கட்டுகிற வருமான வரி நேர்முக வரி. ஒரே பில்லில் பொருளியலும் கணக்கும் முடிந்தது.

பலபடி என்றால் பாலிமர், சின்னச் சின்ன மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோர்த்த பொருள். அதற்கு உங்கள் வேஸ்ட் துணி மூட்டை போதும். பருத்தி நூல் ஒன்று, பாலியஸ்டர் நூல் ஒன்று உருவிக்கொள்ளுங்கள். யூனிட்டுக்கு வெளியே, துணி எதுவும் இல்லாத இடத்தில், இடுக்கியால் பிடித்து மெழுகுவர்த்திச் சுடரில் நீங்கள் காட்டுங்கள். அவன் பார்த்து எழுதட்டும். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் சுருங்கி, உருகி, ஆறியதும் கறுப்பு மணி மாதிரி கெட்டியாக நிற்கும். பட்டு நூல் கிடைத்தால் அதையும் பாருங்கள், முடி கருகிய வாசனை வரும். விலங்கிலிருந்து வருகிற இழை அது. அதற்கும் அந்தப் பருவத்தில் பாடம் இருக்கிறது.

வரலாற்றுப் பாடத்துக்காக ஒரு நாள் எங்காவது கூட்டிப்போகலாம் என்றால் எங்கே போகலாம்?
– வாசகி, திண்டுக்கல்

6-ஆம் வகுப்பு என்றால் யோசிக்காமல் சொல்வேன், கீழடி. மதுரையிலிருந்து பக்கம்தான், அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்தார்கள். பானை ஓட்டில் ‘ஆதன்’ என்று தமிழ் பிராமி என்கிற பழைய எழுத்தில் கீறிய பெயர் அங்கே கிடைத்தது. அ, ஆ, க, த, ன என்று கொஞ்சம் எழுத்துகளை அந்தப் பழைய வடிவில் முதலிலேயே காகிதத்தில் எழுதிக் கொடுத்துக் கூட்டிப்போனால், பிள்ளையே அந்த எழுத்தைத் தேடும். சங்ககாலப் பாடம் அதற்குமேல் கதையாக இருக்காது.

அப்படியே சிவகங்கைப் பக்கம் போனால் வேலுநாச்சியார். 1772-இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் ஆங்கிலேயப் படையால் கொல்லப்பட்ட பிறகு, உங்கள் மாவட்டத்து விருப்பாட்சியில்தான் அந்த அம்மா பாதுகாப்பாக இருந்தார். 1780-இல் சிவகங்கையை மீட்டார். திண்டுக்கல் பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். நேரம் மிச்சமிருந்தால் மதுரை மேலமாசி வீதி. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி வழக்கமான உடையை விட்டு அரைவேட்டிக்கு மாறியது அங்கேதான்.

டீச்சர், காந்தத்தை ரெண்டா உடைச்சா ஒரு துண்டு வடக்கு மட்டும், இன்னொரு துண்டு தெற்கு மட்டும் ஆயிடுமா?
– 6-ஆம் வகுப்பு மாணவன், சாத்தூர்

தம்பி, இந்தப் பக்கத்துக்கு வந்த கேள்விகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது உன்னுடையதுதான். பதிலை நான் சொல்லமாட்டேன், நீ செய்து பார்க்கலாம்.

தையல் ஊசி ஒன்றை எடுத்துக்கொள். ஒரு காந்தத்தின் ஒரே முனையால், ஒரே திசையில் அழுத்தித் தேய். திரும்பி வரும்போது காந்தத்தைத் தூக்கிவிட வேண்டும், முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. முப்பது நாற்பது தடவை தேய்த்தால் ஊசி குண்டூசியை இழுக்கும். பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் ஊற்றி, ஒரு சின்ன இலை மேல் ஊசியை வைத்து மிதக்கவிடு. காந்தத்தை தூரமாக வைத்துவிடு. ஊசி திரும்பித் திரும்பி ஒரு திசையில் நிற்கும். வடக்கே பார்க்கிற முனையில் சிவப்பு நெயில் பாலிஷ் வை.

இப்போது அப்பாவிடம் கொடுத்து, துணியில் சுற்றி, கட்டிங் பிளேயரால் நடுவில் நறுக்கச் சொல். நீ நறுக்காதே, துண்டு தெறிக்கும். இரண்டு துண்டையும் வேறு வேறு பாத்திரத்தில் இலை மேல் மிதக்கவிடு. சிவப்பு இல்லாத துண்டு என்ன செய்கிறது என்று பார். அதையும் இன்னொரு தடவை நறுக்கினால் என்ன ஆகும் என்று முதலில் நோட்டில் எழுதிவிட்டு, அப்புறம் செய். என்ன எழுதினாய், என்ன நடந்தது, இரண்டையும் எனக்கு அனுப்பு. அடுத்த இதழில் உன் பதிலைத்தான் போடப்போகிறேன்.