கடல் மிதவை உயிரிகளுக்கு மரபணு அடையாளம்: கேள்வி பதில்

பொள்ளாச்சி, உயிரியல் ஆசிரியை: ஏனுங்க அக்கா, செல்லின் கருவிலேயே அவ்வளவு டிஎன்ஏ இருக்கிறதே, பிளாங்டன் என்கிற மிதவை உயிரிகளை இனம் காண மட்டும் ஏன் மைட்டோகாண்டிரியா மரபணு?

பிளாங்டனுக்கு மட்டும் இல்லைங்க, பெரும்பாலான விலங்குகளுக்கும் அதுதான். செல்லுக்குக் கரு ஒன்று. மைட்டோகாண்டிரியா டிஎன்ஏவோ நூற்றுக்கணக்கான நகல்களாக இருக்கும். ஒரு மில்லிமீட்டரே இருக்கும் கோப்பிபாடில் (இறால் வகையைச் சேர்ந்த சிறு மிதவை உயிரி) அது பெரிய வரம். வேகமாக மாறுவதால் நெருங்கிய இனங்களையும் பிரித்துக் காட்டும். அதில் சிஓஐ என்ற மரபணுவின் சுமார் 658 டிஎன்ஏ எழுத்துகளைத்தான் படிக்கிறோம். 2003இல் கனடாவின் பால் ஹெபர்ட் குழு இந்த இனம் காணும் முறையை முன்வைத்தது. நண்டின் லார்வா, அதாவது குஞ்சுப் பருவம், பார்க்கத் தாயைப் போலவே இருக்காது. ஆனால் இந்த எழுத்துகள் இரண்டிலும் ஒன்றுதான்.

ஈரோடு, கல்லூரி மாணவர்: ராமேஸ்வரம் போனபோது வலையில் எடுத்த மாதிரியை ஃபார்மலினில் போட்டு வைத்திருக்கிறோமுங்க. டிஎன்ஏ எடுக்கலாமா?

கஷ்டம்தான் தம்பி. ஃபார்மலின் டிஎன்ஏவைப் புரதத்தோடு பிணைத்து, துண்டு துண்டாக்கிவிடும். அடுத்த முறை படகிலேயே மாதிரியை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி 95 சதவீத எத்தனாலில். பிளாங்டன் உடம்பெல்லாம் தண்ணீர் என்பதால் மறுநாள் எத்தனாலை மாற்றிவிடுங்கள். இடத்துக்கு இடம் வலையை நன்றாகக் கழுவுங்கள், இல்லாவிட்டால் முந்தைய இடத்து உயிர்கள் கூடவே வரும்.

இன்னொரு பாதியை ஃபார்மலினிலேயே வையுங்கள், அது வீண் இல்லை. நாம் படித்த எழுத்துகளை ஒப்பிடும் தரவுத்தளத்தில் ஒரு டிஎன்ஏ வரிசைக்குப் பெயர் வருவது, யாரோ ஒருவர் அந்த உயிரை நுண்ணோக்கியில் பார்த்துச் சரியாக இனம் கண்டதால்தான். அவர் தவறினால் அந்தத் தவறு நம் முடிவிலும் ஏறும். நம் கடல் இனங்கள் பலவற்றுக்கு ஒப்பிட வரிசையே இல்லை. அதனால்தான் இனம் பிரிக்க உதவும் கோப்பிபாடின் ஐந்தாவது காலை வரையச் சொல்லி மாணவர்களிடம் விடாமல் கேட்கிறேன்.

திருப்பூர்: எந்த இனம் எத்தனை என்றும் டிஎன்ஏ சோதனை சொல்லுமா?

சொல்லாது. சந்தையில் கேட்கும் சத்தத்தை வைத்து ஆடுகளை எண்ண முடியுமா? உடம்பு பெரியது என்றால் டிஎன்ஏ அதிகம். மரபணுவை நகலெடுக்கத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டான பிரைமர் சில இனங்களில் நன்றாக ஒட்டும், சிலவற்றில் ஒட்டவே ஒட்டாது. எண்ணிக்கை வேண்டுமென்றால் கண்ணால்தான் எண்ண வேண்டும்.

கோபி: தாவர மிதவைகளுக்கும் சிஓஐதானா?

இல்லை. அவற்றுக்கு கருவில் உள்ள 18எஸ், பசுங்கணிகத்தின் ஆர்பிசிஎல் என்ற மரபணுக்கள்.

கோவை: கடல் இல்லாத ஊரில் இதைப் பழக முடியுங்களா?

தாராளமாக. உக்கடம் குளத்து ரோட்டிஃபர், டாஃப்னியா போன்ற நுண்ணிய மிதவை விலங்குகளுக்கும் இதே சிஓஐதான். மீன் குஞ்சுகளுக்கு இரையாக வளர்க்கும் பிராக்கியோனஸ் பிளிகாட்டிலிஸ் என்ற ரோட்டிஃபரை ரொம்ப நாள் ஒரே இனம் என்றே நினைத்தார்கள். மரபணு பார்த்த பிறகு அது 15 இனங்களின் கூட்டம் என்று தெரிந்தது. அது உவர்நீர் உயிர்தான். ஆனால் அதே பேரினத்தின் உறவுகள் நம் குளங்களில் உண்டு. ஒரு பிளாங்டன் வலையும் ஒரு குப்பி எத்தனாலும் போதும், இந்த வாரமே தொடங்கலாம்.