தள்ளுபடி ஆகமத்துக்குத் தள்ளுபடி உண்டா?

கேள்வி: நாங்கள் மயிலாடுதுறையில் இருக்கிறோம், லுத்தரன் சபை. மருமகள் பூண்டிப் பக்கம் ஆர்.சி. வீட்டுப் பெண். வீட்டில் உள்ள பைபிள் என் மாமியார் காலத்தது, தையல் விட்டு ஏடு ஏடாக வருகிறது. புதிது வாங்கப் போனால், "அறுபத்தாறு நூல் உள்ளதா, எழுபத்துமூன்று உள்ளதா?" என்று கேட்கிறார் கடைக்காரர். சபைப் பெரியவர் ஒருவரோ, "தள்ளுபடி ஆகமம் உள்ளதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்" என்கிறார். எதை வாங்குவது ஐயா?

பதில்: தள்ளுபடி என்றதும் எனக்கு ஆடிக் கழிவுதான் ஞாபகம் வந்தது. பொருள் வாங்குவது பற்றிய இந்தப் பகுதியை எழுதி எழுதி அப்படி ஆகிவிட்டேன், மன்னியுங்கள் அம்மா. எது வேதம், எது இல்லை என்பதை உங்கள் போதகரும் மருமகளின் பங்குச் சாமியாரும் பேசிக்கொள்ளட்டும். வாங்குகிற விஷயத்துக்கு என் பதில் இது: உங்கள் வீட்டுக்கு எழுபத்துமூன்று உள்ளதை வாங்குங்கள். அதில் உங்கள் அறுபத்தாறும் இருக்கிறது. அறுபத்தாறில் மருமகளுடைய ஏழு இல்லை.

உங்கள் பெரியவர் தள்ளுபடி ஆகமம் என்பது அந்த ஏழைத்தான்: தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு. ஆர்.சி.க்காரர்களின் திருவிவிலியத்தில் இவற்றுக்கு 'இணைத்திருமுறை நூல்கள்' என்று பெயர். பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவில் தனியாக இருக்கும். பொருளடக்கத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒன்பது வருகிறதே" என்று கடைக்காரரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். எஸ்தர், தானியேல் இரண்டுக்கும் கிரேக்கத்தில் உள்ள கூடுதல் பகுதிகளையும் அங்கேயே சேர்த்திருப்பார்கள்.

இவை எபிரேய வேதப் பட்டியலில் இல்லாமல், கிரேக்க மொழிபெயர்ப்பு வழியாக வந்தவை. தகராறு அங்கேதான் தொடங்குகிறது. லுத்தர் 1534-இல் வெளியிட்ட ஜெர்மன் பைபிளில் இவற்றைத் தூக்கி எறியவில்லை. வேதத்துக்குச் சமமல்ல, ஆனால் வாசிக்க நல்லவை என்று சொல்லித் தனியாக வைத்தார். கத்தோலிக்கத் திருச்சபை 1546-இல் திரெந்து நகரில் கூடிய ஆயர்கள் சங்கத்தில் இவையும் வேதமே என்று உறுதி செய்தது.

உங்கள் பெரியவரிடம் இன்னொன்றையும் சொல்லிப் பாருங்கள். உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் தரங்கம்பாடி. லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் 1706-இல் வந்து இறங்கிய இடம். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அங்கேதான் அச்சிட்டு முடித்தார். 1719-இல் அவர் மறைந்தபோது பழைய ஏற்பாடு ரூத் வரைதான் வந்திருந்தது. மிச்சத்தை முடித்தவர் அவருக்குப் பின் வந்த மிஷனரி சூல்ட்சே. அவரும் லுத்தரன்தான். அவர் பழைய ஏற்பாட்டின் கடைசி நூலான மல்கியாவோடு நிறுத்தவில்லை. 1728-இல் தள்ளுபடி ஆகமத்தையும் அதே தரங்கம்பாடி அச்சுக்கூடத்தில் போட்டார். ஆக, முதல் தமிழ் பைபிளிலேயே அது இருந்தது. பிற்காலத்தில் அது குறைந்துபோனதற்கு, 1826-இல் பிரிட்டிஷ் பைபிள் சங்கம் இனி அந்த நூல்களுக்குப் பணம் தருவதில்லை என்று எடுத்த முடிவு பெரிய காரணம்.

சரி, வாங்கினால் வாசிப்பீர்களா? மருமகள் வாசிப்பார். ஆர்.சி. கல்யாணப் பூசையில் தோபித்து வாசகம் வைப்பது உண்டு. கல்லறைத் திருநாளில் இறந்தவர்களுக்காகச் செபிப்பதற்கு அவர்கள் காட்டும் இடம் மக்கபேயர் இரண்டாம் நூல். உங்களுக்கும் ஒரு பயன் இருக்கிறது. யோவான் பத்தாம் அதிகாரத்தில், மாரிகாலத்தில் தேவாலயப் பிரதிஷ்டை பண்டிகை வந்தது என்று வருகிறதே, அந்தப் பண்டிகை எப்படி வந்தது என்று தேடினால் பழைய ஏற்பாட்டில் கிடைக்காது. மக்கபேயர் முதல் நூல், நான்காம் அதிகாரத்தில் முழுக்கதையும் இருக்கிறது. எனக்குப் பிடித்தது தோபித்துதான். பையன் ஊருக்குக் கிளம்பும்போது வீட்டு நாயும் கூடவே நடக்கும்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. உங்களுக்கு உறுத்தப்போவது அந்த ஏழு நூல் இல்லை, தமிழ். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்று மனப்பாடமாய் வருகிற உங்களுக்கு, திருவிவிலியத்தில் "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை" என்று இருக்கும். ஆதியாகமம் தொடக்கநூல் ஆகியிருக்கும், சங்கீதம் திருப்பாடல்கள் ஆகியிருக்கும். ஆராதனையில் போதகர் வசனம் சொல்லும்போது இதைப் பிரித்து வைத்துக்கொண்டு தடுமாறுவீர்கள். அதனால் மாமியாரின் பைபிளைப் பரணில் போடாதீர்கள். நல்ல பைண்டரிடம் கொடுத்துத் தைத்து வாங்கினால் கோயிலுக்கு அதுவே போதும். புதியது வீட்டு மேசைக்கு.

கடையில் அட்டையையும் பெயரையும் மட்டும் நம்பாதீர்கள். பொருளடக்கத்தைத் திறந்து தோபித்து இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு நிமிஷ வேலை. ஆன்லைனில் வாங்கினால் பொருளடக்கப் பக்கத்தின் படம் இல்லாமல் ஆர்டர் போட வேண்டாம். புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பதால், பில்லில் அப்படி எதையாவது சேர்த்திருந்தால் கேளுங்கள்.

அப்புறம், பக்க எண்களை ஓட்டிப் பாருங்கள். வேளாங்கண்ணித் திருவிழா சமயத்தில் சாலையோரக் கடை ஒன்றில் நண்பரின் அம்மாவுக்கு ஒன்று வாங்கினேன். வீட்டில் பிரித்தால் எரேமியா பாதியில் நிற்கிறது, அடுத்த பக்கம் புலம்பல். ஒரு பாரம், அதாவது சேர்த்து அச்சிட்டு மடிக்கிற பக்கக் கட்டு, அப்படியே விட்டுப்போயிருந்தது. பில்லும் வாங்கவில்லை. கொடி இறங்கியதும் கடையும் போய்விட்டது.

கேள்வி: வாங்கிவிட்டு, சபையில் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மாற்றித் தருவார்களா? (அதே வாசகி)

பதில்: பாரம் விட்டுப்போனால் அது குறைபாடு. பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் முப்பது நாளுக்குள், குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 1915-க்குப் போன் செய்யலாம். ஆனால் எழுபத்துமூன்று கேட்டு வாங்கிவிட்டு அறுபத்தாறுதான் வேண்டும் என்றால் அதில் குறைபாடு எதுவும் இல்லை. கடைக்காரர் மனசு வைத்தால்தான் உண்டு. பணம் கொடுப்பதற்கு முன்பே, "பிரிக்காமல் கொண்டுவந்தால் எத்தனை நாளைக்குள் மாற்றித் தருவீர்கள்?" என்று கேட்டு, அந்தத் தேதியைப் பில்லிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

கேள்வி: கும்பகோணத்தில் கல்லூரியில் படிக்கிறேன். ஆங்கில பைபிள் வாங்க வேண்டும். 'வித் அப்பாக்ரிஃபா' என்பதும் 'கேத்தலிக் எடிஷன்' என்பதும் ஒன்றா?

பதில்: இல்லை தம்பி. அப்பாக்ரிஃபா என்பது மேலே சொன்ன தள்ளுபடி ஆகமத்துக்கு ஆங்கிலப் பெயர், ஆனால் பட்டியல் கொஞ்சம் மாறும். 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளின் அப்பாக்ரிஃபாவில் எஸ்திராஸ் நூல்கள் இரண்டும் மனாசேயின் மன்றாட்டும்கூட உண்டு, அவை கத்தோலிக்கருடைய எழுபத்துமூன்றில் சேராது. பூசை வாசகத்துக்கு என்றால் கேத்தலிக் எடிஷன். இலக்கியம், சரித்திரம் படிக்க என்றால் மற்றதில் சரக்கு கூடுதல்.