'3 முறை' என்றால் 4 முறை ஆடுகிறார்களா?

கணினி நிரல் எழுதுவதன் அடிப்படையை, அசைவுகள் எழுதிய அட்டைகளை வரிசையாக வைத்து ஆடவிட்டுச் சொல்லித்தருகிறீர்கள். வரிசைப்படி சரியாக ஆடும் பிள்ளைகள், '3 முறை திரும்பச் செய்' அட்டை வந்ததும் பாதிப் பேர் 4 முறை ஆடுகிறார்கள், மீதிப் பேர் கடைசி அசைவை மட்டும் திரும்ப ஆடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இவை இரண்டும் வேறு வேறு பிழைகள். சேர்த்துத் திருத்தப் போகாதீர்கள்.

முதல் பிழைக்குக் காரணம் 'திரும்ப' என்ற சொல்தான். ஒருமுறை ஆடிவிட்டு, அப்புறம் 3 முறை 'திரும்ப' ஆடுகிறார்கள். சொல்லின் பொருள்படி பார்த்தால் தப்பே இல்லை! அட்டையில் 'மொத்தம் 3 முறை' என்று மாற்றுங்கள். ஒரு பிள்ளையை எண்ணுவதற்கென்றே முன்னால் நிறுத்துங்கள். தொடக்கத்தில் மூடிய கை, அதாவது 0. ஒரு சுற்று முழுதாக முடிந்த பிறகே ஒரு விரல் நீளும். நடுவில் நீட்டினால் கணக்குக் கெடும். மூன்றாம் விரலைப் பார்த்ததும் அடுத்த அட்டை. (பிற்பாடு 'மாறி', அதாவது நிரலில் மாறிக்கொண்டே வரும் ஒரு மதிப்பை வைத்திருக்கும் பெயர், என்னவென்று சொல்லித்தர இந்தக் கையே போதும்.)

இரண்டாவது பிழை, எல்லை கண்ணுக்குத் தெரியாததால் வருவது. அட்டைகளைத் தரையில் பரப்பி, திரும்ப வரும் பகுதியை மட்டும் கயிற்றால் வளைத்துவிடுங்கள். வலம், இடம், கைதட்டல், சுழற்சி தலா 2 தாளம் என்றால் ஒரு சுற்றுக்கு 8, மூன்றுக்கு 24. முடிவில் வரும் 'குதி' அட்டை கயிற்றுக்கு வெளியே இருக்கட்டும்.

'இடம்' அட்டையை வைக்க மறந்தால் ஒவ்வொரு சுற்றிலும் வலப்பக்கமே நகர்ந்து சுவரை நெருங்குவார்கள். நீங்கள் திருத்தாதீர்கள், 'நில்' என்று சொல்லி, எந்த அட்டை குறைகிறதென்று அவர்களையே தேடவிடுங்கள்.

பாட்டு முதலில் வேண்டாம். பாட்டுப் போட்டால் அட்டையைப் படிக்காமல் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து ஆடுவார்கள்.