போர் தண்ணீர், சல்ஃபேட் இல்லாத ஷாம்பு, கொட்டும் முடி: ஒரு வாசகியின் கேள்விக்குப் பதில்

சென்னை மேடவாக்கத்திலிருந்து எழுதியிருக்கும் 34 வயது வாசகி, நான்கு மாதங்களுக்கு முன்பு புதிய அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் குடிவந்தவர். அங்கே குளிக்கக் கிடைப்பது போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும்தான். கடந்த இரண்டு மாதங்களாகச் சீப்பைத் தலையில் வைத்தாலே முடி கொத்தாக வருகிறது என்றும், நுனியெல்லாம் வைக்கோல் போல் ஆகிவிட்டது என்றும் வருந்துகிறார். அழகு நிலையத்தில் சல்ஃபேட் இல்லாத ஷாம்பு ஒன்றை 1,450 ரூபாய்க்கு வாங்கச் சொல்கிறார்கள். முடியை நேராக்கும் கெரட்டின் சிகிச்சையும் செய்துகொண்டால்தான் முழுப் பலன் என்கிறார்கள். மாமியார் சீயக்காய்க்கு மாறச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது, வாரத்துக்கு எத்தனை முறை தலைக்குக் குளிப்பது என்பது அவருடைய கேள்வி. வீடு மாறும் நேரத்தில் டெங்குவால் ஒரு வாரம் படுத்திருந்ததையும் கடைசி வரியில் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறார்.

அந்தக் கடைசி வரியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது. கடுமையான காய்ச்சல் வந்தால், வளர்ந்துகொண்டிருக்கும் மயிர்க்கால்களில் பல வளர்ச்சியை நிறுத்திவிட்டு ஓய்வுக்குப் போய்விடும். அப்படிப் போன முடி உடனே விழாது, இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் விழும். அதற்குள் காய்ச்சலை நாம் மறந்துவிடுவதால், கண்ணெதிரே இருக்கும் தண்ணீரின் மீதும் ஷாம்புவின் மீதும் பழி விழுகிறது. டைஃபாய்டுக்கும் பிரசவத்துக்கும் பிறகு முடி கொட்டுவதும் இதே கணக்குதான். இந்த உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே அடங்கிவிடும்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சீப்பில் வந்த முடிகளில் பத்துப் பன்னிரண்டை எடுத்து, ஒவ்வொன்றாக விரல் நுனியில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். முடி முழு நீளத்துக்கு இருந்து, ஒரு முனையில் ஊசி முனையளவு வெள்ளைக் குமிழ் தெரிந்தால், அது வேரிலிருந்து உதிர்ந்த முடி. குமிழைப் பார்த்துவிட்டு வேரே போய்விட்டதென்று அஞ்ச வேண்டாம். மயிர்க்கால் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. குமிழ் இல்லாமல் விரல் நீளத் துண்டாக இருந்தால், அது இடையில் உடைந்த முடி. உதிர்வதற்குக் காரணம் உடம்புக்குள் இருக்கிறது. உடைவதற்குக் காரணம் தண்ணீர், ஷாம்பு, சீப்பு, துண்டு, சூடு ஆகியவற்றில் இருக்கிறது. மென்மையான ஷாம்பு உடைவதைக் குறைக்கும். உதிர்வதை எந்த ஷாம்புவும் நிறுத்தாது. உங்களுக்கு இரண்டும் சேர்ந்து நடக்கிறது என்றே கடிதத்திலிருந்து தோன்றுகிறது.

இங்கேதான் உங்களை எச்சரிக்க வேண்டியிருக்கிறது. தானாக நிற்கப்போகிற உதிர்வு எப்போது நின்றாலும், அந்த வாரத்தில் நீங்கள் என்ன வாங்கியிருக்கிறீர்களோ அதற்குத்தான் பெயர் போய்ச் சேரும். பல அழகு நிலையங்களில் ஷாம்பு விற்பவருக்கு ஒவ்வொரு புட்டிக்கும் கமிஷன் உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. ஷாம்புவாவது போகட்டும், பணத்தோடு போய்விடும். கெரட்டின் என்ற பெயரில் செய்யப்படும் நேராக்கும் சிகிச்சை அப்படியல்ல. அதில் முடியை நேராக்குவது கெரட்டின் என்ற முடிப்புரதம் இல்லை. ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வேதிப்பொருளோ, சூட்டில் அதை வெளியிடும் பொருளோ, கிளையாக்சிலிக் அமிலமோதான் அந்த வேலையைச் செய்கிறது. அதன் மேல் 200 டிகிரிக்கும் அதிகமான சூட்டில் இரும்பை வைத்து இழுக்கிறார்கள். கிளையாக்சிலிக் அமிலம் தலைத்தோல் வழியாக உடம்புக்குள் போய் ஆக்சலேட் என்ற உப்பாக மாறிச் சிறுநீரகத்தில் படிகமாகப் படியக்கூடும். இந்தச் சிகிச்சை செய்துகொண்ட மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 26 வயதுப் பெண்ணைப் பற்றி பிரான்ஸ் நாட்டு மருத்துவர்கள் 2024-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார்கள். ஃபார்மால்டிஹைடு இல்லை என்று புட்டியில் எழுதியிருப்பதை நம்பி நிம்மதியடைய வேண்டாம். பல சமயம் அதற்குப் பதிலாக இருப்பது இந்த அமிலம்தான். டெங்குவிலிருந்து எழுந்து நான்கு மாதமே ஆன உங்களுக்கு இது வேண்டவே வேண்டாம்.

சல்ஃபேட்டுக்கு வருவோம். அழுக்கையும் எண்ணெயையும் எடுக்கும் பொருள்களில் சோடியம் லாரில் சல்ஃபேட் கடுமையானது. சோடியம் லாரெத் சல்ஃபேட் அதைவிட மென்மையானது. நம் கடைகளில் கிடைக்கும் ஷாம்புகளில் பெரும்பாலும் இருப்பது இரண்டாவது. அதோடு கோகமிடோபுரோப்பைல் பீட்டைன் என்ற பொருளும் சேர்ந்திருந்தால் கடுமை இன்னும் குறையும். சல்ஃபேட் இல்லை என்று பெரிய எழுத்தில் போட்டு விற்கும் ஷாம்புகள் சிலவற்றில் ஒலிஃபின் சல்ஃபோனேட் இருக்கிறது. பெயரில் சல்ஃபேட் இல்லையே தவிர, எண்ணெயை உரித்தெடுப்பதில் அது சற்றும் சளைத்ததல்ல. ஆகவே முன்பக்கத்து வாக்கியத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் பாருங்கள். முதல் நான்கைந்து பெயர்களுக்குள் பீட்டைன், கோகோயில் ஐசெதயோனேட், குளுக்கோசைட் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தால் வாங்கலாம். 200 ரூபாய்க்குள்ளேயே அப்படிப்பட்டவை கிடைக்கின்றன.

பின்பக்கம் பாருங்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறேன். அதைப் படிப்பதற்கு என் நோயாளிகளில் பாதிப் பேருக்குப் பூதக்கண்ணாடி வேண்டும். 2020-ம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகள், ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்களை அளவு வாரியாக இறங்குவரிசையில் அச்சிடச் சொல்கின்றன. ஆனால் 60 மில்லிக்குக் குறைவான திரவப் பாக்கெட்டுகளுக்கு இந்தப் பட்டியலே தேவையில்லை என்று அதே விதிகள் விலக்கு அளிக்கின்றன. கடலூர்த் தொழில்முனைவோர் சின்னி கிருஷ்ணனின் முயற்சியால் பரவிய சாஷே என்ற சிறு பாக்கெட் வழக்கம்தான் ஷாம்புவை ஏழை வீட்டுக் குளியலறைக்குள் கொண்டுவந்தது. இன்றும் தமிழ்நாட்டில் பல வீடுகளுக்குப் பெட்டிக்கடைச் சரம்தான் ஷாம்பு. ஒரு ரூபாய்க்கு வாங்குபவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டாம் என்று எந்த நியாயத்தில் முடிவெடுத்தார்கள்? இத்தனை ஆண்டுகளில் அதைத் திருத்த யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

தண்ணீர் விஷயத்தில் உங்கள் சந்தேகம் நியாயமானது. கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த தண்ணீர் முடியின் மேல் படிந்து அதைச் சொரசொரப்பாக்கும், சிக்கு விழும், சிக்கெடுக்கும்போது உடையும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கத்தக்கது என்றும், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. உங்கள் தண்ணீர் எப்படி என்று பார்க்க, ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதியளவு தண்ணீர் எடுத்து, குளியல் சோப்பைச் சிறிது சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை நின்று அடியில் தண்ணீர் ஓரளவு தெளிவாக இருந்தால் கவலையில்லை. நுரை எழாமல் தயிர் திரிந்ததுபோல் வெள்ளைத் துகள் மிதந்தால் கடின நீர்.

இந்தச் சோதனையை நீங்கள் செய்வதற்கு முன்பே யாராவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரோடு உங்கள் வீட்டு வாசலுக்கு வந்திருப்பார். மீட்டரில் 1,200 என்று காட்டுவார். இரண்டு கம்பிகளைத் தண்ணீருக்குள் விட்டு மின்சாரம் பாய்ச்சிக் காவி நிறத்தில் சேறு எழுவதைக் காட்டுவார். அந்தச் சேறு இரும்புக் கம்பி கரைந்து வருவது. உங்கள் தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல. ஷவரில் மாட்டும் கையடக்க ஃபில்டர் குளோரினையும் மண்ணையும் ஓரளவு பிடிக்கும்; கடினத்தன்மையைக் குறிப்பிடும்படி குறைக்காது. உண்மையாகக் குறைப்பது உப்புப் போட்டுப் புதுப்பிக்கும் சாஃப்ட்னர் எந்திரம். அதைக் குடியிருப்பு முழுவதற்கும் சேர்த்து வைப்பதே நல்லது, சங்கக் கூட்டத்தில் பேசுங்கள். அதுவரை, வழக்கம்போல் குளித்துவிட்டுக் கடைசியாக இரண்டு மூன்று லிட்டர் குடிதண்ணீரால் முடியை அலசினால் போதும். ஆர்ஓ எந்திரம் கழித்துவிடும் தண்ணீரைப் பிடித்துவைத்து அலச வேண்டாம். உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அதில்தான்.

மாமியார் சொல்லும் சீயக்காய் நல்ல யோசனைதான். அதன் நுரை சாபோனின் என்ற இயற்கைப் பொருளால் வருவது. சோப்பைப் போலக் கடின நீரில் திரியாது, காரத்தன்மையும் கிடையாது. கொங்கு நாட்டு அரப்பும் இந்த வகைதான். ஆனால் திறந்த மூட்டையிலிருந்து அள்ளித் தரும் பொடி வேண்டாம். காயை வாங்கிக் காயவைத்து, வெந்தயமும் பாசிப்பயறும் சேர்த்து மாவு மில்லில் நைசாக அரைத்து, மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளுங்கள். திப்பி இருந்தால் அது முடியைச் சிராய்க்கும். வடிகஞ்சியில் குழைத்துத் தேய்க்கும் பழைய முறையையே பின்பற்றலாம். கஞ்சி முடியை வழவழப்பாக்கும்.

வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை தலைக்குக் குளியுங்கள். ஹெல்மெட் வியர்வை மிகுந்தால் ஒரு நாள் கூடினாலும் தவறில்லை. குளிப்பதற்கு அரை மணி முன்பு முடியின் நீளத்தில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். அது முடித்தண்டுக்குள் ஊறிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்றும், சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஆயிலும் அப்படிச் செய்வதில்லை என்றும் 2003-ல் வெளியான இந்திய ஆய்வு காட்டியது. சிக்கைக் குளிப்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். ஈரமுடி இழுத்தால் நீண்டு அறுந்துபோகும். ஷாம்புவைக் குவளைத் தண்ணீரில் கலந்து தலைத்தோலில் மட்டும் விரல் நுனியால் தேயுங்கள். வழியும் நுரையே நுனிக்குப் போதும். கண்டிஷனர் நுனிக்கு மட்டும். தேங்காய்ப்பூத் துண்டால் முறுக்கிக் கட்டாமல், பழைய வேட்டித் துணியால் ஒற்றியெடுங்கள்.

இவ்வளவும் பொடுகு இல்லாதவருக்கு. பொடுகு இருந்தால் மேலே சொன்னதைத் திருப்பிப் போட வேண்டியிருக்கும் என்பதால், இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். தலைத்தோல் வறண்டதால்தான் செதில் வருகிறது என்று நினைத்து எண்ணெயை ஊற்றி ஊறவைப்பதும், மென்மையான ஷாம்புவால் வாரம் ஒருமுறை மட்டும் குளிப்பதும் பொடுகை வளர்க்கும் வழிகள். பொடுகோடு தொடர்புடைய மலசீசியா என்ற பூஞ்சைக்குக் கொழுப்புதான் தீனி. எண்ணெயை நிறுத்திவிட்டு, 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்புவை வாரம் இருமுறை, நான்கு வாரம் வரை பயன்படுத்துங்கள். தேய்த்த உடனே கழுவுவதால்தான் பலருக்கு அது பலிப்பதில்லை. ஐந்து நிமிடம் தலையில் இருக்க வேண்டும். அடங்கிய பிறகு ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும், மற்ற நாள்களில் உங்கள் மென்மையான ஷாம்பு. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் எடுத்துத் தரும் ஸ்டீராய்டு லோஷனை வாங்காதீர்கள். மருந்துச் சீட்டு கட்டாயம் என்று பட்டியலில் சேர்த்திருந்தும், கவுண்டரில் கேட்பாரில்லை.

காய்ச்சல் வந்து ஆறு மாதம் கடந்தும் உதிர்வு குறையாவிட்டாலோ, வகிடு அகன்றுகொண்டே போனாலோ, அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்குச் செல்லுங்கள். ஹீமோகுளோபின், உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு ஆகிய மூன்று பரிசோதனைகள் முதலில் வேண்டியிருக்கும். முடிக்கென்று யாராவது பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை தந்து நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பாவது நிறுத்திவிடுங்கள். அது தைராய்டு முடிவைத் தவறாகக் காட்டக்கூடும்.